மயக்க ஊசிக்கு முன் ஒரு ஜெபம்

ஜெர்மனியில் முதல் சில மாதங்கள் நான் செய்த ஜெபங்கள் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டு அழைப்பு மணியையும் அழுத்தும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவரே, யாரும் கதவைத் திறக்கக் கூடாது. டுசல்டோர்ஃபின் அடுக்குமாடி வீடுகளில் அதற்குப் பெரிய அற்புதம் எதுவும் தேவைப்படாது. முன்னரே சொல்லாமல் வந்து மணி அடிப்பவனுக்கு அந்த ஊரில் கதவு திறக்காது. ஆனால் கேட்டது கிடைத்தபோது எனக்கு உண்மையாகவே நன்றி பெருகியது. என் விசுவாசம் வளர ஆரம்பித்தது இப்படித்தான். எங்கள் சபையில் யாரிடமும் இதை நான் சாட்சியாகச் சொன்னதில்லை.

நான் மோர்மன் ஊழியக்காரனாகப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. இருபது வயதுப் பையனை அந்தப் பட்டை ‘மூப்பர்’ என்று அறிமுகப்படுத்தும். இரண்டு வருடம் சம்பளம் கிடையாது. கோவையில் எங்கள் அம்மா அக்கம்பக்கத்தில், “பையன் ஜெர்மனியில இருக்கான்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். மீதியைக் கேட்பவர்கள் அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்று நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, மேலிடத்திலிருந்து வரும். எனக்கு ஜெர்மனி வந்ததில் ஏதோ எழுத்துப்பிழை இருக்கிறது என்று விமானம் ஏறும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பயம் எனக்குப் பழைய கூட்டாளி. பதினொன்றாம் வகுப்பில் தினமும் காலையில் வயிறு வலித்தது. மருத்துவர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஆசிரியர் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார் என்பதுதான் இருந்தது. பள்ளியை நிறுத்திவிட்டு ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்தேன். அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நம்பரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைப் போய், தெரியாத மொழியில், தெரியாதவர்களிடம், கடவுளைப் பற்றிப் பேச அனுப்பினால் அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களில் யாரும் தனியாகப் போவதில்லை. எப்போதும் இருவர். என் ஜோடி அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளையும் ஊர்ப்பக்கம் பிறந்தவன். ஆறடிக்கு மேல் உயரம், பயம் என்ற உறுப்பே இல்லாமல் பிறந்த பிள்ளை. மணி அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அக்கறையுள்ளவன் போல் தலையாட்டுவேன். எங்களுக்குள் இது நன்றாக நடந்துகொண்டிருந்தது.

நோயாளிகளுக்கு ஆசீர்வாதம் கொடுக்கும் விஷயத்திலும் அப்படியே ஓர் ஏற்பாடு. எங்கள் வழக்கத்தில் அதற்கும் இருவர் வேண்டும். ஒருவர் தலையில் ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய் வைத்து, அதற்கென்று உள்ள நான்கு வரியைச் சொல்வார். மற்றவர் கைவைத்து, எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், மனதில் ஆவியானவர் தருவதைப் பேச வேண்டும். நான் எப்போதும் எண்ணெய்க்காரன். நான்கு வரியை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மனதில் வருவதைப் பேசு என்றால் என் மனதில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த தமிழ் அக்காவை நாங்கள் எந்தக் கதவுக்குப் பின்னாலும் கண்டுபிடிக்கவில்லை. டிராம் நிறுத்தத்தில் அவர்தான் எங்களைக் கண்டுபிடித்தார். மழை. நான் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றேன். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தவர் என் டையை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி தமிழோ?”

“ஆமாங்க.”

“இன்சூரன்ஸோ?”

“இல்லங்க அக்கா. இயேசு.”

“அவர் எங்களிட்ட இருக்கிறார். நீங்கள் சாப்பிட்டியளோ?”

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அன்றைக்கே இடியப்பமும் சொதியும் போட்டார். என் ஜோடி கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். தேநீரை மட்டும் நாங்கள் மறுத்தோம். எங்கள் சபையில் தேநீர், காபி கூடாது. அக்கா விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தேத்தண்ணி குடிக்க ஏலாது எண்டால் என்ன சமயம் அப்பன் அது?” என்றார். வாராவாரம் போனோம். சபைக்கு வாரக் கணக்கு அனுப்பும்போது அதைப் ‘போதனை’ என்ற பத்தியில் போட்டோம். போதனை நடக்கத்தான் செய்தது, அவர் எங்களுக்குச் செய்தார்.

வீட்டுக்காரரை முதல் நாள் நான் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டேன். “அண்ணை எண்டு சொல்லும். அங்கிள் எண்டால் எனக்கு வயசு போன மாதிரி” என்றார். அறுபதை நெருங்கியவர். ஒரு ஜெர்மன் உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தவர். இப்போது இதயத்தில் ஒரு வால்வு பழுது. திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியாயிற்று. அண்ணை தள்ளிப்போட்டார். ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த முதல் நாளுக்கு, அங்கே அதை டெர்மின் என்பார்கள், தடிமன், சளி என்று ஃபோன் செய்தார். இரண்டாவதற்குச் சொந்தத்தில் கல்யாணம் என்றார். அப்படி ஒரு கல்யாணம் நடக்கவேயில்லை. மூன்றாவது டெர்மின் அடுத்த செவ்வாய்க்கிழமை. மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிற நிலைக்கு வந்திருந்தார்.

ஞாயிறு பின்னேரம் நாங்கள் போனபோது வீட்டில் சத்தம் கேட்டது.

“இந்த முறையும் மாத்தினால் நான் உங்களோட கதைக்கமாட்டன்,” அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “படி ஏறேக்க உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் இருக்கு எனக்கு.”

“பாக்காதையும்.”

“ஜெர்மன் பாதர் வந்து ஜெபிச்சவர். கீழ்வீட்டு அக்கா கோயிலால திருநீறு கொண்டுவந்து பூசினவா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“பாதர் ஜெபிச்சது வரி ஒஃபிஸ் கடிதம் வாசிச்ச மாதிரி இருந்தது. தமிழ்ப் பாதர் அடுத்த மாசம்தான் இந்தப் பக்கம் வருவார். வரட்டும், பாப்பம்.”

அக்கா எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்களும் கை வைச்சு ஜெபிக்கிறனீங்கள் எண்டு சொன்னனீங்கள் எல்லோ? இவருக்கு ஒருக்காச் செய்யுங்கோ. இன்னும் செய்விச்சுப் பாக்காத ஆக்கள் நீங்கள் மட்டும்தான்.”

என் ஜோடிக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. வழக்கம்போல் நான் எண்ணெய்க்கு, அவன் பேச்சுக்கு என்று தயாரானோம். அப்போதுதான் அண்ணை வாயைத் திறந்தார்.

“வெள்ளைக்காரத் தம்பி வேண்டாம். விளங்காத பாஷையில ஏற்கெனவே ஒண்டு ஆயிட்டுது. நீர் சொல்லும், தமிழில.”

நான் சட்டைப் பையைத் தடவினேன். எண்ணெய்ச் சிமிழ் சாவிக்கொத்தில் தொங்கும், கட்டைவிரல் அளவு. அது காலி. மூடி சரியாக இருக்கிறதா என்று தினமும் திறந்து திறந்து பார்த்ததில் மரை தேய்ந்து, எண்ணெய் எல்லாம் கால்சட்டைப் பையில் இறங்கியிருந்தது. கவலைப்படுகிறவனுக்குத்தான் இப்படி நடக்கும். ஆனால் அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதி! “அக்கா, எண்ணெய் இல்லை, இன்னொரு நாள்…” என்று ஆரம்பித்தேன்.

அவர் சமையலறையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

“இது ஆகாதுங்க அக்கா. ஒலிவ எண்ணெய்தான் வேணும்.”

“ஏன், ஆண்டவருக்கு நல்லெண்ணெய் பிடிக்காதோ?” என்று திரும்பிப் போனவர் ஒலிவ எண்ணெய்ப் போத்தலையும் கொண்டுவந்தார். “டொக்டர் சொல்லி வாங்கினது. இவர் நாக்கில வைக்கமாட்டன் எண்டிட்டார். தலையிலயாவது வையுங்கோ.”

என் ஜோடி போத்தலைக் கையில் பிடித்து, அதை முறைப்படி ஜெபித்து அர்ப்பணித்தான். தப்பிக்க இருந்த கடைசி வழியும் அடைபட்டது. அண்ணை சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் மடு மாதா படம், சுற்றிலும் சின்னச் சின்ன மின்விளக்குகள். ஜோடி ஒரு சொட்டு வைத்து நான்கு வரியைச் சொன்னான். அது இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் கைவைத்தேன். தலை சூடாக இருந்தது. ‘பரலோக பிதாவே’ என்று தொடங்கினேன், அதற்குமேல் வரவில்லை. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: நீ பேச வேண்டியது உனக்குத் தரப்படும். எனக்குத் தரப்பட்டவை இவை: குணமாவார் என்று சொல்லி, இவர் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டால்? குணமாவார் என்று சொல்லாமல் விட்டு, இவர் செவ்வாய்க்கிழமை போகாமலே இருந்துவிட்டால்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

“அண்ணை,” என்றேன். ஜெபத்துக்கு நடுவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. “உங்களுக்கு எதுக்குங்க பயம்?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“நான் இந்த நாட்டுக்கு எல்லைக் காட்டுக்குள்ளால, பனியில நடந்து வந்தனான், தம்பி. அப்ப பயமில்லை. ஏன் சொல்லும்? அப்ப நான் முழிச்சிருந்தனான். என்ன வந்தாலும் கண்ணால கண்டிருப்பன். இது அப்பிடியில்லை. மயக்கிப்போட்டெல்லோ வெட்டுறாங்கள்.”

இத்தனை வருடத்தில் அக்காவும் இதை முதல்முறை கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் திரும்பத் தொடங்கினேன். வேதாகமத் தமிழ் வரவில்லை. எங்கள் ஊர் ரீசார்ஜ் கடைத் தமிழ்தான் வந்தது. “ஆண்டவரே, இந்த அண்ணைக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. என்ன நடக்கும்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவரைத் தூங்க வச்சிருவாங்க. அந்த நேரத்துல நீங்க முழிச்சிருங்க. அவர் கண்ணால பார்க்க முடியாததை அவருக்குப் பதிலா நீங்க பாருங்க.” ஆமென் சொன்னேன். அக்காவும் சொன்னார். ஜோடிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

அண்ணை திரும்பிப் பார்த்தார். “குணமாகும் எண்டு சொல்லேல்லையே நீர்?”

“தெரியலங்க அண்ணை.”

“டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவன்.” பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “ஊரில எத்தினை சாமியார் இருக்க, நல்ல பயந்தாங்கொள்ளியாப் பாத்துப் பிடிச்சிருக்கிறீர்.” அன்று அவர் முதல்முறையாகச் சிரித்தார். “சரி. செவ்வாய்க்கிழமை போறன். ஆனால் இவரும் வரவேணும். கடவுளுக்கு ஆயிரம் வேலை. ஆரும் ஒராள் அங்க முழிச்சிருக்கட்டும்.”

திங்கட்கிழமை இரவு நான் சுத்தமாகத் தூங்கவில்லை, கவலையில். அதனால் செவ்வாய்க்கிழமை காலை முழித்திருப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலையாக இருந்தது. சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணை என்னைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்: “இரும்.” கதவு மூடியது. அக்கா செபமாலையை எடுத்தார். எங்களுக்குச் செபமாலை வழக்கம் இல்லை. நான் வெறும் கையைக் கோத்துக்கொண்டேன். என் ஜோடி, பயமே இல்லாதவன், உட்கார்ந்த சில நிமிடத்தில் வாய் திறந்து தூங்கிப்போனான்.

வரவேற்பு மேசையிலிருந்து ஒரு பெண் வந்தார். நான் உறவினரா, பாதிரியாரா என்று கேட்டார். வழக்கமாக ஜெர்மனில் ஒரு வாக்கியம் பேச நான் மூன்று முறை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அன்று அதற்கும் தெம்பில்லை. “இரண்டும் இல்லை. அவர் தூங்குகிறார், அதனால் நான் முழித்திருக்கிறேன்” என்று வந்தபடி சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ. அவர் இதைத் தினமும் கேட்பவர் போலத் தலையாட்டிவிட்டு, “அப்படியானால் காபி இயந்திரம் அந்தப் பக்கம்” என்று கைகாட்டிப் போனார்.

என் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனை அது. நடைபாதை முழுவதும் காபி மணம். சபையும் வேண்டாம், இரட்சிப்பும் வேண்டாம், ஒரே ஒரு கோப்பை என்று உடம்பு கெஞ்சியது. எழுந்து நின்றேன். நின்றுகொண்டே தூக்கம் வந்தது. நடந்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் நின்று, பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குமுன் செய்ததெல்லாம் ஜெபம் என்றால் இதற்கு வேறு பேர் வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. நான் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்களா என்பதுதான் திரும்பத் திரும்ப. சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் தனியாக நடக்கிறோம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வயிறும் வலிக்கவில்லை, அதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

மதியத்துக்குப் பிறகு மருத்துவர் வந்து அக்காவிடம் பேசினார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, உடனே ஃபோனை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “மாதாவின்ர புதுமையெடி,” என்றார் தங்கையிடம். “கெவெலார் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்த வேணும்.” அடுத்த அழைப்பில் கீழ்வீட்டு அக்காவின் திருநீற்றுக்கும் பங்கு கிடைத்தது. அதற்கடுத்ததில் ஜெர்மன் மருத்துவரின் கைராசிக்கு. கடைசி அழைப்பு முடியும்போதுதான் எங்களைக் கண்டார் போல. “ஓம், ரெண்டு பெடியளும் வந்து இருந்தவங்கள். பாவங்கள், ஒண்டும் சாப்பிடவுமில்லை.” அந்த வாரக் கணக்கில் எதைப் போடுவது என்று என் ஜோடி கேட்டான். எந்தப் பத்தியிலும் அதற்கு இடம் இல்லை.

அந்த வார இறுதியில் எனக்கு மாற்றல் வந்தது, டிரெஸ்டனுக்கு. புது ஊர், புது ஜோடி. சொல்லிக்கொள்ள மருத்துவமனைக்குப் போனேன். அண்ணை தலையணையில் சாய்ந்து, நெஞ்சில் கட்டோடு இருந்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது.

“நித்திரை கொண்டனீரோ அண்டைக்கு?”

“இல்லங்க அண்ணை.”

“உண்மையாவோ?”

“உண்மையாங்க.”

கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து மெல்ல, டிரெஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். கண் திறக்காமலே கேட்டார்:

“ஏன், அங்க ஆருக்கு ஒப்பரேசன்?”

“தெரியலங்க அண்ணை. போய் மணி அடிச்சுத்தான் பார்க்கணும்.”