கப்டன் கை தூக்கினால்

ரொறன்ரோவில் போத்துக்கீசரின் உதைபந்தாட்டங்களுக்குக் கொடி தூக்கிக்கொண்டு ஓடியவன் நான் என்று சொன்னால் இப்போது வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வீதியில் ஒரு தமிழ் முகம் கண்ணில் பட்டால் பின்னால் ஓடிப்போய் எந்த ஊர் என்று கேட்ட காலம். கிழமை நாட்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு அடுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு அரைக்காற்சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, டண்டாஸ் தெரு ஸ்ட்ரீட்காரில் ஏறி, எல்லைக் கோட்டில் கொடியோடு ஓடுகிற லைன்ஸ்மன் வேலைக்குப் போவேன்.

அந்த லீக்கில் இத்தாலியருக்கு ஒரு குழு, கிரேக்கருக்கு ஒன்று, குரோவேஷியருக்கு ஒன்று, போத்துக்கீசருக்கு இரண்டு. எவனுடைய ஆட்டத்துக்கு எவனைக் கொடியோடு நிறுத்தினாலும் மற்றவன் அடிக்க வருவான். ஊரில் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறேன் என்று, ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். லீக் செயலாளர் பிடித்த கையை விடவில்லை. "நீ ஒரு பக்கத்து ஆளும் இல்லை. உன்னை மாதிரி ஒருத்தனைத்தான் நாங்கள் தேடினது" என்றார். அங்கே எல்லாரும் பேசியது உடைந்த ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் திருச்சிக்காரர், பொறியியலாளர், என்னைவிட மூத்தவர். நான் கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்போதெல்லாம் கட்டிலில் படுத்தபடி தொடங்கிவிடுவார்.

"ஏன்யா, நானூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவனுங்க. அவனுங்களுக்குப் போய்க் கொடி பிடிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"நீங்கள் போத்திக்கொண்டு படுங்கோ அண்ணை" என்பேன். எனக்கு மூக்கில் கோபம். ஆனால் அவர் சமைக்கிற ரசத்துக்காக வாயை அடக்கிக்கொள்வேன்.

போத்துக்கீசரின் பெரிய குழுவுக்கு ஒரு கப்டன் இருந்தான். நடுப் பின்வரிசை ஆட்டக்காரன். லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஏதோ மீன்பிடி ஊரில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் முதற்பிரிவுக் குழு ஒன்றில் சேர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் சம்பளத்துக்கு ஆடியவன். ஒருமுறை தேசியக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். மாற்று ஆட்டக்காரரின் வாங்கிலில் இருத்திவைத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு முழங்கால் போனது. முதற்பிரிவில் இருந்து இரண்டாம் பிரிவு, அதிலிருந்து மூன்றாம் பிரிவு. கடைசியில் ரொறன்ரோவில் கட்டட ஒப்பந்தம் எடுக்கிற ஒரு போத்துக்கீசர், அந்தக் கிளப்பின் தலைவரும் அவர்தான், இவனை இங்கே கொண்டுவந்தார். கிழமை முழுக்க அவருக்குக் கொங்கிறீற் போடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராசா.

ராசாதான், அதில் பொய் இல்லை. சேற்று மைதானத்தில் மற்றவர்கள் பன்றி மாதிரி எழும்பி வருவார்கள். இவனுடைய வெள்ளை அரைக்காற்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. "விழுந்து பந்து எடுக்கிறவன் முதலிலேயே பிழையான இடத்திலை நிண்டவன்" என்று சொல்வான். பந்து வருவதற்கு முன்பே அது வந்து சேரும் இடத்தில் நின்றுகொண்டு, வெற்றிலைக் கடைக்காரன் மாதிரி அலுப்போடு காத்திருப்பான்.

அவனுடைய பெரிய வித்தை ஓஃப்சைட் பொறி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவன் தன் ஆளுக்குப் பந்தை உதைக்கும்போது, அந்த ஆளுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிர்க்குழுவில் இரண்டு பேராவது இருக்கவேண்டும். ஒருவர் கோல்கீப்பர், இன்னொருவர் யாராவது. அந்த இன்னொருவரும் இல்லாவிட்டால் பிழை, லைன்ஸ்மன் கொடியைத் தூக்குவான், ஆட்டம் நிற்கும். ஆகவே பின்வரிசைக்காரர் நால்வரும் ஒரே கணத்தில் முன்னுக்குப் போய்விட்டால் எதிராளி பின்னால் தனியே அகப்பட்டுக்கொள்வான். எப்போது போவது என்பதைக் கப்டன் சொல்வான். வலக் கையைத் தூக்கி ஒரு கத்துக் கத்துவான், நால்வரும் பாய்வார்கள். அவன் கை மேலே போனால் என் கொடியும் மேலே போகும். மூன்று கோடைகளாக ஒருநாளும் அவன் பிழைவிடவில்லை.

கடைசியாக நிற்கிற பின்வரிசைக்காரனுக்கு நேரே எல்லைக் கோட்டில் நிற்பதுதான் லைன்ஸ்மனுக்கு விதி. அவன் நகர நான் நகரவேண்டும். கட்டின மனிசிகூட ஒருத்தனோடு இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கமாட்டாள். எனக்கு அவன் வைத்த பெயர் "கொடிக்கம்பம்". நாங்கள் ஒரு தேநீர்கூடச் சேர்ந்து குடித்ததில்லை. ஆனாலும் அவன் மூச்சு வாங்குவதை வைத்தே முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டாளன். நடுவரின் தலை மறுபக்கம் திரும்பினால் எதிராளியின் அக்குளுக்குள் கிள்ளுவான், கால்விரலில் ஆணிச் சப்பாத்தால் ஏறி நிற்பான். ஒரு கிரேக்கப் பொடியனின் கணுக்காலை ஒரே மிதியில் முறித்தான். முறித்துவிட்டு அவனை அணைத்துத் தூக்கி நெற்றியில் ஒரு கொஞ்சல் வேறு. நான் கொடி தூக்கினேன். நடுவர் காணாதவர் போல் ஓடிப்போனார். கப்டன் என்னைக் கடக்கும்போது கண்ணடித்தான்.

எல்லாரையும் விட அவனிடம் அதிகம் வதைபட்டவன் அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி. வலப்பக்கப் பின்வரிசைக்காரன். அவனை ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்து, வீட்டில் வைத்துச் சோறு போட்டு, ஆட்டம் பழக்கியவன் கப்டன்தான். பழக்கிய விதத்தைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் பியர் குடிக்கப் போன பிறகு, உடைமாற்றும் கட்டடத்தின் சுவரோடு அவனை நிறுத்துவான். நாலு எட்டுத் தள்ளி நின்று முழுப் பலத்தோடு பந்தை உதைப்பான். தொடையில், வயிற்றில், முகத்தில். கண்ணை மூடினால் இன்னொன்று. "கண்ணை மூடுறவன் பின்னுக்கு ஆடேலாது" என்பான். மச்சானுக்கு மூக்கால் இரத்தம் ஓடும். அக்காக்காரி வேலிக்கு வெளியே நின்று கைப்பையைத் திறந்து திறந்து மூடுவாள். ஆட்டத்தின் நடுவே கை தூக்கும்போது அவன் அரை எட்டுப் பிந்தினாலும் அவ்வளவுதான், சனம் பார்க்கப் பிடரியில் ஒரு அடி விழும். சனம் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லைன்ஸ்மனுக்கு அதற்குக் கொடி இல்லை.

மூன்றாம் கோடை முடிகிறபோது கப்டனின் முழங்கால் வீங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் துணி சுற்றிக்கொண்டு இறங்கினான். அதுதான் அவன் ஆடுகிற கடைசி வருடம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிளப் தலைவர் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்: கடைசி ஆட்டத்தில் தோற்காமல் விட்டால் லீக் கிண்ணம் அவர்களுக்கு, அடுத்த வருடத்திலிருந்து பயிற்சியாளர் அவன். தோற்றால் வேறு ஆள் வருகிறார், இவனுக்குக் கொங்கிறீற் மட்டும்தான். அந்த முழங்காலோடு கொங்கிறீற் என்றால் எத்தனை காலத்துக்கு? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து அவன் படித்த ஒரே படிப்பு, எங்கே நிற்பது என்பது. அதை விற்க இதைவிட வேறு சந்தை இல்லை.

மச்சானுக்கும் அது தெரியும். அத்தான் பயிற்சியாளரானால் அந்தச் சுவர் இன்னும் எத்தனை வருடம் என்று அவன் யோசித்திருப்பான். அவன் மனத்துக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் நான் என்றால் யோசித்திருப்பேன்.

கடைசி ஆட்டம் இத்தாலியரோடு. இலை பழுத்துவிட்ட குளிர். கோல் இல்லாமலே ஆட்டம் முடியப்போகிறது, போத்துக்கீசச் சனம் இப்போதே பாடத் தொடங்கிவிட்டது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய பின்வரிசை என் பக்கம். இத்தாலியன் ஒருவன் நடுவிலிருந்து பந்தை உயர்த்தி உதைக்கக் காலை ஓங்கினான். கப்டன் கையைத் தூக்கிக் கத்தினான். மற்ற இருவரும் அவனோடு பாய்ந்தார்கள்.

மச்சான் பாயவில்லை.

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். சப்பாத்துக் கயிறு அவிழவில்லை, சறுக்கவில்லை, மறக்கவும் இல்லை. பந்தைப் பார்க்கவேயில்லை. அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். விதிப்படி நான் கடைசி ஆளுக்கு நேரே நிற்கவேண்டும், நின்றேன். மூன்று கோடைகளில் முதல்முறையாகக் கப்டனுக்கு நேரே நான் இல்லை, அவனுக்குப் பின்னால் எங்கேயோ மச்சானுக்கு நேரே நிற்கிறேன். இத்தாலிய முன்வரிசைக்காரன் பந்தைக் காலில் வாங்கினான். பந்து உதைபட்ட கணத்தில் அவனுக்கும் கோலுக்கும் நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். பிழை இல்லை. என் கை தானாக மேலே போகப் பார்த்தது, பழக்கதோஷம். கீழே பிடித்துக்கொண்டேன். அவன் மெதுவாக ஓடிப்போய், கோல்கீப்பரைத் தாண்டி, வலைக்குள் தட்டிவிட்டான்.

தூக்கிய கையை இறக்காமலே கப்டன் என்னை நோக்கி ஓடிவந்தான். நொண்டி நொண்டி ஓடிவந்தான். "கொடி! கொடி! கொடியைத் தூக்கு!" அவன் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல். அவன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. நடுவர் வந்து கேட்டார். "வலப்பக்கக்காரன் பின்னுக்கு நிண்டவன், கோல் சரி" என்றேன். கப்டன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து முகத்தில் துப்பினான்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். குருட்டுக் கறுவல் என்றார்கள், இத்தாலியனிடம் வாங்கித் தின்றவன் என்றார்கள். கிளப் தலைவர் என் கொடியைப் பறித்து முழங்காலில் வைத்து முறித்தார். எல்லாரையும் விடக் கூடச் சத்தம் போட்டவன் யார் தெரியுமா? மச்சான். என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியவன் அவன். அந்த முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. கள்ளப் பயல், அழுதுகொண்டு வேறு தள்ளினான்.

அறைக்கு வந்து முகத்தைச் சவர்க்காரம் போட்டு மூன்று நாலு தரம் கழுவினேன். நடந்ததைச் சொன்னேன். திருச்சிக்காரர் எழும்பி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவனுங்களுக்கு நானூறு வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விட்டுடுமா?" என்றார். அன்றைக்கு நான் அவருடைய ரசத்தைத் தொடவில்லை.

செயலாளர் கிழமை முடிவதற்குள் கூப்பிட்டு அனுப்பினார். "நீ செய்தது சரி. நான் நேரை பாத்தனான்" என்றார். "ஆனால் நீ இனி வந்தால் கலவரம் வரும். இந்தச் சனத்தோடை நான் இருக்கவேணும், விளங்குதோ?" விளங்கியது. சீருடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இழவு விழுந்த வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்ட்ரீட்காரில் சும்மா ஏறி இறங்கினேன்.

குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. அவனுக்குத் தெரியாது, அதனால்தான் என்னில் பாய்ந்தான், தெரிந்தால் வெட்கப்படுவான். எப்படியும் அவனைக் கண்டு சொல்லவேண்டும். படுத்தால் அதுதான், எழும்பினால் அதுதான்.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை, உப்பிட்ட மீன் தொங்கவிட்டிருக்கும் போத்துக்கீசக் கடை ஒன்றில் அவனைக் கண்டேன். சப்பாத்தில் காய்ந்த சீமெந்து. காற்சட்டை முழங்கால்வரை சாம்பல் நிறம். வரிசையில் நின்றபோது ஒரு காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை. நான் நேரே போய் முன்னால் நின்றேன்.

"உனக்கு ஒண்டு தெரியவேணும். அண்டைக்கு உன்ரை மச்சான்..."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கை தூக்கேக்கை நீ எனக்கு நேரை இல்லை. அதாலை திரும்பிப் பாத்தனான். கம்பத்தடியிலை நிண்டு என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

"பிறகேன்ரா என்ரை முகத்திலை துப்பினாய்?"

மீன்காரி பொதியைக் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, சிறுபிள்ளைக்குச் சொல்வதைப் போல் பொறுமையாகச் சொன்னான்:

"அவன் என்ரை மனிசியின்ரை தம்பி. நாளைக்கும் என்ரை மேசையிலை இருந்துதான் சாப்பிடப்போறான். அவனிலை துப்பினால் என்ரை வீடு உடையும். உன்னிலை துப்பினால் என்ன உடையும்?"

சொல்லிவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனான். என்ன உடையும் என்று நின்ற இடத்தில் நின்று தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. உடைவதற்கு எனக்கு அந்த நகரத்தில் ஒன்றும் இருக்கவில்லை.