இரண்டே கால் வளையல் அளவுள்ள கை

பெருந்தொற்றுக் கால நினைவுகளைத் திரட்டிவரும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்!

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பேருந்து நடத்துநராகப் பணியாற்றிய காலத்தில், பயணிகள் இருக்கையில் விட்டுச் சென்ற நாளிதழ்களையும் நூல்களையும் படித்தே எழுத்து நடையைக் கற்றுக்கொண்டேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பெருந்தொற்று பரவிய ஆண்டில், ஏழு மாதக் கர்ப்பிணியாயிருந்த என் மகளை அழைத்துச் செல்லச் சிங்கப்பூர் வந்தேன். ஊரில் வளைகாப்பு, பிறகு தாய்வீட்டிலேயே தலைப்பிரசவம் என்பது எங்கள் ஏற்பாடு. மண்டபம் பேசுவதற்காக என் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டாள். நான் வந்த நான்காம் நாள் விமானங்கள் நின்றன. ஒரு வாரத்துக்கென்று கொண்டுவந்த நான்கு சட்டைகளோடு அங்கேயே தங்கலானேன்.

மகளும் மருமகனும் கிளமெண்டியில் ஒரு முதிய தம்பதியரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே எனக்கு இடமில்லை. ஆகையால் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுக்குள் செல்லக் கூடாதென்ற கட்டுப்பாடும் வந்தது. வாசல் வரை சென்று பொருள் கொடுக்கலாம், உள்ளே நுழையலாகாது. கூட்டத்தில் நசுங்கியே பழகிய என் உடம்பு, எவரும் இடிக்காத நடைபாதையில் நடக்கத் தெரியாமல் தடுமாறியது. சாலையைக் கடக்க அனுமதிக்கும் விளக்கின் ‘டிக் டிக்’ ஓசை, கடப்பதற்கு ஆளில்லாமலே என் சன்னல் வரை கேட்கும்.

இந்நிலையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பிய அவளுக்கு உணவு இறங்கவில்லை. ஊட்டுவதற்குப் பால் போதவில்லை. தொலைபேசியில் அழுதாள்.

“அம்மா கிண்டுற பிரசவ லேகியம் ஒரு உருண்டை இருந்தாப் போதும்ப்பா. வேற எதுவும் வாயில வைக்க முடியல.”

அன்றே என் மனைவி தொலைபேசியில் செய்முறை சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். சுக்கு ஒரு பிடி, மிளகு ஒரு பிடி, திப்பிலி அரைப் பிடி, ஓமம் இரண்டு பிடி, கருப்பட்டி இரண்டு வட்டு, நெய், நல்லெண்ணெய். கீழ்த்தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் அம்மையார் நடத்திய மளிகைக் கடையில் எல்லாம் கிடைத்தன; சரக்கைக் கட்டிக்கொண்டே என் முப்பதாண்டு நடத்துநர் வேலையையும் அவர் கேட்டறிந்தார். மாடியிலிருந்த பொதுச் சமையலறையில் வறுத்து, அரைத்து, கை ஓயக் கிண்டினேன். வாழ்நாளில் சுடுநீரைத் தவிர வேறெதையும் காய்ச்சியறியாத நான், மிகுந்த பெருமிதத்தோடு சம்படத்தைக் கிளமெண்டிக்குக் கொண்டு சென்று மருமகனிடம் சேர்த்தேன்.

மாலையில் அவர் அழைத்தார்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பிள்ள பெத்ததுக்கு மருந்தா, தண்டனையா? ஒரு வாய் வச்சா, அழுது தீர்த்துட்டா.”

பின்னால் மகளின் குரல் கேட்டது: “அப்பாவத் திட்டாதீங்க. ஆனா எரியுது!”

மறுநாள் கடைக்குச் சென்று, அந்த அம்மையாரிடம் சரக்கு கெட்டதோ என்று வினவினேன். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின.

“சரக்கு மேல பழியா? யாரு கையால அளந்தீங்கண்ணே?”

“என் கையாலதாம்மா.”

“காட்டுங்க பாப்போம்.” காட்டினேன். “அடேயப்பா! பஸ் கம்பிய முப்பது வருசம் புடிச்ச கையில்ல இது! இதுல ஒரு புடின்னா பொம்பள கையில ரெண்டு புடி. கருப்பட்டிய மட்டும் எண்ணிப் போட்டிருப்பீங்க. அப்ப எரியாம என்ன செய்யும்? அண்ணி வளையல் அளவு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. நாற்பதாண்டு இல்லறத்தில் ஒரு முறையும் நான் வளையல் வாங்கியதில்லை. அங்கிருந்தபடியே மனைவியை அழைத்து, அம்மையாரும் கேட்குமாறு தொலைபேசியைப் பிடித்தேன்.

“ரெண்டே கால். இப்பவாவது கேட்டீங்களே, மகராசன்!” என்றாள்.

கடையே சிரித்தது. அம்மையார் தம் வளையலைத் தட்டிக் காட்டி, “எனக்கும் ரெண்டே காலுதான் அண்ணி. நான் அளந்து குடுக்கிறேன், கவலப்படாதீங்க” என்றார்.

சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவித் துடைத்தார். காகிதங்களை விரித்து ஒவ்வொரு சரக்கையும் பிடி பிடியாக வைத்தார். ஓமத்தில் விரலிடுக்கில் தங்கிய நாலு மணிகளையும் உதறிச் சேர்த்தார். வரிசை, தரையில் ஒட்டிய கோடுகளைத் தாண்டித் தெருவில் நீண்டது. நான் பதற்றத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற ஒருவர், “பரவால்ல லா, பிள்ள பெத்தவளுக்கு மருந்து. மெதுவா அளக்கட்டும்” என்றார்.

தாமதப்படுத்தியதற்கு நான் மன்னிப்புக் கோரியபோது அம்மையார் நிமிராமலே சொன்னார்: “என் மகளும் மலேசியாவுல, ஜொகூர்ல கைப்புள்ளயோட இருக்கா. எல்லைப் பாலத்த அடைச்சிட்டாங்க, போக முடியல. அங்க யாராச்சும் அவளுக்கு அளந்து குடுக்கணும்ல? அதான் இங்க உங்க மகளுக்கு நான்.”

அந்தக் கவலையைச் சுமந்துகொண்டுதான் காலை முதல் மாலை வரை அனைவருக்கும் சிரித்த முகத்தோடு சரக்குக் கட்டினார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். யான் கண்ட மேன்மக்களுள் அவருக்குச் சமமாக வைக்க இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை கிண்டியதை மறுநாள் முற்பகல் கொண்டு சென்றேன். மருமகன் வந்து வாங்கிப் போனார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழே புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நான்காம் மாடி நடைவழிக்கு மகள் வந்தாள். ஒரு கையில் துணிச்சுருள் போலக் குழந்தை. மருமகன் தொலைபேசியை அவள் காதருகே பிடித்திருந்தார்.

“அப்பா, அம்மா கிண்டுன மாதிரியே இருக்கு. மூணு உருண்ட தின்னுட்டேன். நீங்களா செஞ்சீங்க?”

“கிண்டுனது நான். அளந்தது வேற கை” என்றேன்.

அன்றிலிருந்து அவள் சோறும் உண்டாள், பாலும் சுரந்தது. அம்மையாரிடம் ஓடிச் சென்று கூறினேன். “அப்ப அடுத்த வாரத்துக்கு இப்பவே அளந்து வச்சிடுறேன்” என்று கையைக் கழுவப் போனார்.

விமானம் கிடைத்து ஊர் திரும்பியதும், மனைவிக்கு இரண்டே கால் அளவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். செய்முறைத் தாளில் ‘ஒரு பிடி’ என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் வளையல் அளவையும் சேர்த்து எழுதினேன்.

ஐயா, அம்மையீர்! என் பேத்திக்கு ஒரு நாள் இம்மருந்து தேவைப்படும். யாருடைய கை அவள் தாயைத் தேற்றியது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். ஆகவே, இந்த எழுத்தை அப்புறப்படுத்தாமல் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.