தாவூது பாய் ஊற்றிய மருந்து

காரைக்காலில் பழைய வண்டி வாங்க நினைத்தவன் ஜோசியரைப் பார்த்தானோ இல்லையோ, தாவூது பாயைப் பார்க்காமல் தரகன் கையில் ஒரு பைசா வைக்கமாட்டான். தலத்தெருவில் கீற்றுக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அவர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறுவார். பிரேக் சங்கதி உள்ளங்காலுக்குத்தான் தெரியும், செருப்புத் தோலுக்கு என்ன தெரியும் என்பார். ஐந்து வேளை தொழுகிற மனிதர். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, வாயில் பொய் கிடையாது. அவர் “வாங்கலாம்” என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். “வேணாம்” என்று சொல்லிவிட்டால், தரகன் அந்த வண்டியை வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம், வைகாசி மாதம். ஒரு காலைப்பொழுதில் சோமு ஒரு பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். பத்து வருஷம் ஊரான் வண்டிக்கு டிரைவராக இருந்து சலித்தவன். சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டவேண்டும் என்று ஆசை. பிரெஞ்சுக்காரர் காலத்து வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. மூன்று கை மாறி வந்ததாம்.

“எல்லாம் நல்லாருக்கு பாய். ஸ்டியரிங்தான் கொஞ்சம் இடப்பக்கமா இழுக்குது. தரகர் ரெண்டு தடவ சரிபண்ணிட்டேங்கிறாரு, அப்பவும் இழுக்குது” என்றான் சோமு.

தாவூது முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. சக்கரங்களுக்குக் காற்று ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. கீழவாஞ்சூர் போகிற நேர்ரோட்டில் வண்டியை விரட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். சோமு கதவைப் பிடித்துக்கொண்டான். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. பிரேக்கை மிதித்தார். வண்டியின் மூக்கு இடப்பக்கம் வெட்டித் திரும்பியது.

“ஸ்டியரிங் மேல பழி போடாத சோமு. சும்மா போறப்ப நேராப் போவுது, பிரேக் போட்டா மட்டும் இழுக்குதுன்னா, ஒரு சக்கரம் புடிக்குது, இன்னொன்னு புடிக்கல. இடப்பக்கம் இழுக்குதா, அப்ப வலப்பக்கச் சக்கரம்தான் சீக்காளி.”

அத்தோடு விடவில்லை. விரட்டுவதும் அடித்து நிறுத்துவதுமாக ஆறு தடவை செய்தார். ஆறாவது தடவை பிரேக் மிதி சேற்றில் கால் வைத்ததுபோல் தரைவரை போய்விட்டது. வண்டி தானாக உருண்டு ஓய்ந்தது. இது அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டியை மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

வலது முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கை அழுத்துகிற சின்ன சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த எண்ணெயை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கெண்ணெய். அதற்கு அடியில் லேசாகச் சாராய வாடை.

அது அவருடைய கலவை. பெயிண்ட் மாறி, சீட்டு மாறி வந்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை. முன்பு இது, பத்திரம் பதிகிற நோட்டேர் ஒருவரின் கறுப்புக் கார்.

ஐம்பத்துநாலில், காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, இந்திய அரசாங்கம் எல்லையை இறுக்கி மூடியிருந்தது. இந்தியப் பக்கத்திலிருந்து பெட்ரோலே வராதபோது பிரேக் ஆயிலை யார் விடுவார்கள்? வண்டிகள் நின்றுபோயின. சைகோனில் இருந்துவிட்டு வந்த கப்பல்காரர் ஒருவர், விளக்கெண்ணெயில் சாராயம் கலந்து ஊற்றினால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்று சொன்னார். பிரெஞ்சு ஊரில் சாராயத்துக்கா பஞ்சம்? ஆனால் தாவூது அதைப் போய் வாங்குவதாவது! கருப்பையன் என்ற சுமை தூக்குகிறவரை அனுப்பி வாங்கிவரச் செய்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கலக்கினார். இரண்டு வண்டிகளுக்கு ஊற்றினார். ஒன்று நோட்டேரின் கார், மற்றது பூவத்துப் பூமிநாதனின் வேன். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டவர்களிடம் “மருந்து” என்றார்.

பிரெஞ்சுக்காரர் போனார்கள், எல்லை திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நல்ல பிரேக் ஆயில் தாராளமாக வந்தது. இரண்டு வண்டியையும் கூப்பிட்டு, பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்களே, சாராயம் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டார். அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. பிறகு மறந்துபோனார் என்று சொல்வதுகூட நியாயமில்லை. மறப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. சாராயத்தில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் மூன்று வருஷமாக இரும்பைத் தின்றிருக்கிறது. சக்கரம் சூடானால் மிச்சமிருக்கிற சாராயம் கொதித்துக் குமிழியாகி, மிதி பிடிமானமில்லாமல் தரைவரை போய்விடும்.

“பூமிநாதன் வேன் இப்ப ஓடுதா?” என்று சோமுவிடம் கேட்டார்.

“ஓடாம என்ன பாய்? நாளைக்கு அவரு தங்கச்சி மவ கல்யாணம். கூட்டத்த ஏத்திக்கிட்டு இப்ப மாயவரத்துக்குக் கெளம்புறாரு.”

தாவூது சைக்கிளை எடுத்தார். வெயிலில் பூவம் வரைக்கும் மிதித்தார். யா அல்லா, அவர்கள் கிளம்பியிருக்கக் கூடாது என்று அதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

கிளம்பவில்லை. வேனுக்குள் கல்யாணப் பெண், சீர்வரிசைத் தட்டுகள், மடியில் குழந்தைகளோடு பெண்கள் என்று அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“வாங்க பாய், வாங்க! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒரு வாய் காப்பி குடிங்க.”

“பூமிநாதா, வண்டிய எடுக்காதப்பா. பிரேக் சரியில்ல.”

“அதுவா? ரெண்டு மிதி மிதிச்சா புடிச்சுக்கும் பாய், பழகிப்போச்சு. நீங்க ஊத்துன மருந்தாச்சே, மூணு வருசமா கை வைக்கல.”

தாவூது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அது மருந்து இல்லப்பா. சாராயம். வெளக்கெண்ணெயில சாராயத்தக் கலந்து நாந்தான் ஊத்துனேன்.”

பூமிநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு, நீங்களா? சாராயமா? ஏ புள்ள பங்கஜவல்லி, கேட்டியா, நம்ம பாய் சாராயம் வாங்குனாராம்!” வேனுக்குள்ளிருந்த அவர் மனைவியும் சிரித்தாள். கல்யாணப் பெண்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தாவூது இத்தனை நாள் சேர்த்துவைத்த நல்ல பெயர் அன்றைக்கு அவருக்கு எதிராக நின்றது. இன்னொரு தடவை சொன்னார். சத்தியம் செய்தார். “நேரமாவுது பாய், திரும்பி வந்து பார்ப்போம்” என்று பூமிநாதன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

தாவூது ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். “பாய்! பைத்தியமா உங்களுக்கு?” என்று பூமிநாதன் குதித்திறங்கி அவர் காலைப் பிடித்து இழுப்பதற்குள், முன்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயைக் கழற்றியாகிவிட்டது. பழுப்பாக, மண்டியோடு, எண்ணெய் மண்ணில் ஒழுகியது. பூமிநாதன் கத்திக்கொண்டே குனிந்தவர், கத்தலை நிறுத்தினார். விரலில் தொட்டார். முகர்ந்தார். வேனுக்குள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“எல்லாரும் எறங்குங்க” என்றார். பெண்கள் தட்டுகளோடு இறங்கி, மாயவரம் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தார்கள். பூமிநாதன் மட்டும் நின்றார். குரல் உயரவில்லை.

“மூணு வருசமா எம்பொண்டாட்டி புள்ளைங்கள இதுலதானே பாய் ஏத்திக்கிட்டுத் திரிஞ்சேன்?”

தாவூது மண்ணும் எண்ணெயுமாகக் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். பூமிநாதன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு விலகிப் போனார்கள். “மூணு வருசம் ஒரே பாயில படுத்தேனே, எங்கிட்டகூட சொல்லத் தோணலியாங்க?” என்று அவர் மனைவி கமர் நிஷா அழுதாள். சோமு வேறு வண்டி பார்த்துக்கொண்டான். அன்று நடக்காமல் போன விபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாராயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டு மாதம் பட்டறை வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லை. சாராய பாய் என்று அவருக்குப் பெயர் வந்தது, வந்த பெயர் போகவே இல்லை.

ஆவணியில் ஒருநாள் திட்டச்சேரியிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர். தலையை நீட்டி, “இங்க சாராய பாய் பட்டறை எதுங்க?” என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றார் தாவூது. “எஞ்சினை நிறுத்திட்டுக் கீழ எறங்குங்க.”