அப்பாவின் மாடி வீடு

தலவாக்கலைக் கடைவீதியில் எங்கள் பேக்கரி இருந்தது. அப்பா தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். கொழுந்து நிறுக்கும் தராசுப் பக்கமே போகமாட்டேன் என்று சின்ன வயதிலேயே டவுனுக்கு ஓடிவந்து, ரொட்டி சுடும் யாருடைய போறணையிலோ மாவு பிசைந்து, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். காலையில் சூடாக இறங்கும் பணிஸ் ரொட்டியில் முதல் தட்டு வீட்டுக்கு வந்துவிடும். நான் தின்ற பிறகுதான் கண்ணாடி அலமாரியில் வியாபாரம்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு கெட்ட பழக்கம். குடி இல்லை, சீட்டு இல்லை, சொந்த ஊர்க் கதைதான். கடைவீதி முதலாளிமார் பலர் இந்தியாவிலிருந்து நேரே வந்தவர்கள். அவர்களுக்கு அங்கே வீடும் வயலும் நிஜமாகவே இருந்தன. லயத்திலிருந்து வந்தவன் என்று அப்பாவை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து, திருச்சிப் பக்கத்து வீடு. "நமக்கும் ஊர்ல கல்லு வீடு இருக்குங்க" என்று தொடங்கியது, வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. மாடி வந்தது, கிணறு வந்தது, வாசலில் நாலு மாமரம் வந்தது. அந்த மாமரங்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நானும் கொஞ்சம் ஆட்டம் போட்டதுண்டு.

சுதந்திரம் கிடைத்த கையோடு இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் ஆட்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயே நிலையாக வாழ்கிறோம், வேறெங்கும் ஒட்டு உறவு இல்லை என்று காட்டிப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடவேண்டும். அப்பாவும் போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி கடைக்கே வந்தார். சிங்களவர், தன்மையான மனிதர். பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டே தமிழில் பேசினார். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இந்தியாவிலிருந்து வந்த துணிக்கடை முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினொரு வயது. அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்து, "பாப்பாவுக்குத் தலவாக்கலை பிடிக்குமா?" என்று கேட்டார்.

பிடிக்கும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "எங்களுக்கு இந்தியாவுல மாடி வீடு இருக்கு. நாலு மாமரம் இருக்கு" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "முதலாளி, மகள் சொல்றது சரியா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்தவரைப் பார்த்தார். "ஆமாங்க மாத்தயா" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் சொன்னதைத்தான் எழுதினார்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்த அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அதான் ஊர்ல வீடு இருக்கேம்மா" என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"எந்த வீடுடி? அங்க நமக்கு ஒரு செங்கல்லுகூடக் கெடையாது. ஒங்கப்பா அந்த ஊரக் கண்ணால பாத்ததே இல்ல."

அப்பீல் செய்யலாம் என்றார்கள். அப்படியொரு வீடே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வழி பிறக்கலாமாம். அம்மா மன்றாடிப் பார்த்தாள். "எழுதுனா எம்புள்ள பொய் சொன்னதா ஆயிரும்" என்று அப்பா மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொய் யாருடையது? துணிக்கடைக்காரர் காதுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கு என்னைச் சாக்காக்கினாரா, நிஜமாகவே எனக்காகத்தானா? இன்றுவரை தெரியாது. "பரவாயில்லப்பா, எழுதுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோஷத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அதற்குள் அப்பீலுக்கான காலமும் முடிந்துவிட்டது.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம், பூர்வீகத்தைக் காட்டி எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தங்குவதற்குத் தவணை தவணையாக அனுமதி கேட்டே அப்பா கடையை ஓட்டினார். ஒரு தவணை கிடைக்காமல் போயிற்று. போறணை ஆறிவிட்டது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது; கணவர் வீட்டாரின் மனு ஏற்கப்பட்டிருந்ததால் நான் இங்கேயே தங்கினேன்.

அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று தலவாக்கலை ஸ்டேஷனுக்குக் கடைவீதியே வந்திருந்தது. துணிக்கடை முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கென்னங்க, சொந்த வீடு காத்துக்கிட்டு இருக்கு" என்றார். கேலியில்லை, நம்பித்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோச்சி வண்டி வரும் சத்தம் கேட்டது. என் இடுப்பிலிருந்த நாலு வயது மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கவேண்டும்.

"தாத்தா, அங்க மாமரம் இருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். அன்று கடையில் பார்த்த அதே பார்வை. இந்தமுறை எனக்கு எல்லாம் தெரியும். அவரைக் கட்டிக்கொண்டு, போதும்ப்பா என்று சொல்லியிருக்கலாம். நான் பிள்ளையின் கையைச் சட்டையிலிருந்து விடுவித்தேன்.

"இருக்கும்மா" என்றார் அப்பா. "நாலு இருக்கு."