ஏழு மரங்களுக்குப் பின்னால்

நான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். ஆனால் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் தேநீர் குடிப்பதில்லை. தேநீர் என்ன, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சிவகாசியிலிருந்து இங்கே வந்த மூன்றாம் நாள் காலை, இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் வைத்து, என் கணவரின் அக்கா புஷ்பாவிடம் ஒரு டம்ளரை நீட்டினேன். "வேணாம்லா, நீ குடி" என்று சொல்லிவிட்டு அவர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாளும் அதே கதை. புதுப்பெண் கையால் குடிக்க மாட்டாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "நாத்தனார்னா அப்பிடித்தான் இருப்பா, நீ வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அம்மா. நானும் வாயை மூடிக்கொண்டு, நீட்டிய டம்ளரை நானே குடித்துத் தீர்த்தேன்.

காரணம் தெரிய ஒரு மாதம் ஆனது. வேடிக்கை பார்க்கலாம் என்று ஒருநாள் புஷ்பா அக்காவோடு மலைக்குப் போனேன். இரண்டு டம்ளர் தேநீர் குடித்திருந்தேன். மேலே பனிமூட்டம், காது விறைக்கும் குளிர். அரை மணி நேரத்தில் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகள். நாலு வரிசை தள்ளி வங்காளதேசத்து ஆண்கள் கொழுந்து வெட்டும் இயந்திரத்தோடு நிற்கிறார்கள். வீடு கீழே வெகு தூரத்தில் இருந்தது. கொழுந்து எடைக்குத்தான் கூலி என்பதால் இறங்கி ஏறினால் அரைநாள் போச்சு. என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சரிவின் மேலே, செடிகளுக்கு நடுவில் ஏழு மரங்கள் தனியாக உயர்ந்து நின்றன. "அந்த மரத்துக்குப் பின்னால போ. நான் இங்க பாத்துக்கிறேன்" என்றார்.

அவை வேறு மரங்கள் அல்ல, தேயிலைதான். வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடியும் மரமாக வளரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வந்ததும் அக்கா கதையைச் சொன்னார். மலையில் ஒரு தண்டாஸ் கட்டித் தாருங்கள் என்று பெண்கள் கேட்காத மானேஜர் இல்லை. தண்டாஸ் என்றால் இங்கே கழிப்பறை. வந்த ஒவ்வொருவரும் "பாக்கலாம்" என்றார்கள். ஒரு வருடம் செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து வெட்ட ஆட்கள் வந்தபோது, இந்த ஏழு செடிகளின் முன்னால் பெண்கள் போய் நின்றுகொண்டார்கள். "கங்காணி கத்துனாரு. நாங்க பேசல, நகரவும் இல்ல. அப்புறம் அவருக்கே வெளங்கிருச்சி போல, தலைய குனிஞ்சிக்கிட்டுப் போயிட்டாரு. அதோட யாரும் வெட்டல." ஏன் ஏழு என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் மறைக்கணும்ல? ஏழு இருந்தாத்தான் மறையும்." அப்படி ஒரு மறைவு இருந்தும், கூட்டம் போடாமல் ஆளுக்கு ஒரு தடவைதான் போக முடியும். அதனால்தான் காலைத் தேநீர் கிடையாது.

அதிர்ச்சி அடைந்த மாதிரி நடிக்க எனக்கு உரிமை இல்லை. சிவகாசியில் நான் ஒன்பது வருடம் பாடம் நடத்திய மகளிர் கல்லூரியில் கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பார்வைக்குப் பயந்து சாயங்காலம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ளும் மாணவிகள் முன்னால் நின்று நான் அமெரிக்க இலக்கியத்தில் குறியீடுகள் என்று முழங்கினேன். நாவலில் மரம் வந்தால் விடுதலை, ஆறு வந்தால் பயணம், பனி பெய்தால் சாவு, பாட்டியின் போர்வை வந்தால் பண்பாட்டு மரபு. ஐந்து மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம். இதையெல்லாம் நான் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. கப்பலில் கட்டி இழுத்து வரப்பட்டு, பருத்திக் காட்டில் முதுகு ஒடிந்த மக்கள் தங்கள் பாட்டுக்குள் தப்பிக்கும் வழியை ஒளித்து வைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. உயிர் பிழைப்பதற்காக அவர்களே செய்துகொண்ட குறியீடு அது. ஆனால் அந்தப் பருத்திக் காட்டுப் பெண்கள் வேலை நேரத்தில் எங்கே ஒதுங்கினார்கள் என்று நான் வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தப் பாடநூலும் கேட்கவில்லை.

இங்கே என் படிப்புக்கு வேலை இல்லை. பாஸ்போர்ட்டில் குத்திய விசாவில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறார், நான் வீட்டில் சோறு வடித்தேன். அப்போதுதான் மார்த்தா என்கிற அமெரிக்க நாவலாசிரியர் தோட்டத்துப் பங்களாவில் வந்து தங்கினார். மானேஜர் என் கணவரைக் கூப்பிட்டு, "ஒங்க வீட்டு டீச்சர அனுப்புங்க, மொழிபெயர்க்க ஆள் வேணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். மார்த்தா நல்ல மனுஷிதான். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் வாங்கிய புது ரப்பர் பூட்ஸோடு, எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டு, நோட்டும் கையுமாக மலையெல்லாம் சுற்றினார். மேலே பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த மரங்களுக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அங்கே என்ன இருக்கிறது?" என்றார் ஆங்கிலத்தில்.

"அது பெண்கள் மட்டும் போகிற இடம்" என்றேன்.

"ஏன் தனித்தனியாகப் போகிறார்கள்?"

"அதுதான் வழக்கம்."

"திரும்பி வரும்போது முகத்தில் எவ்வளவு நிம்மதி, பாருங்கள்!"

இருக்காதா பின்னே! நாமும் போய்ப் பார்க்கலாமா என்று அவர் ஓரடி எடுத்து வைத்தார். போகக் கூடாது என்று தடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புனிதமான இடமா?" என்று கேட்டார். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் வெள்ளைக்காரி முன்னால் நம் பெண்கள் மலையில் குந்துகிறார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக எதற்கும் அர்த்தம் சொல்லியே பழகிய வாய். "ஆமாம்" என்றேன். ஏன் ஏழு என்று கேட்டார். "எங்கள் மரபில் ஏழு கன்னிமார் உண்டு" என்று எடுத்துவிட்டேன். நோட்டில் அவர் பேனா ஓடியது. பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது. அட்டையில் ஏழு மரங்கள். உள்ளே தேயிலைப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய், கப்பலில் வந்த மூதாதையர்களோடு கண்ணை மூடிப் பேசிவிட்டு வருகிறார்கள். வெட்டுக்குப் பணியாத மரம், அடிமைப்படாத ஆன்மா என்று அமெரிக்காவில் கொண்டாடினார்களாம். படித்த என் தலையில் இடி விழுந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தோட்டத்து நிர்வாகம் சும்மா இருக்குமா? மரங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. நின்று படமெடுக்கப் பலகை மேடை கட்டியது. மரபுச் சின்னம் என்று மூன்று மொழியில் போர்டு வைத்தது. வருகிறவர்களுக்கு அவசரம் வருமே என்று மேடைக்குப் பக்கத்திலேயே, வெள்ளை டைல்ஸ் பதித்து, கழிப்பறையும் கட்டியது. இத்தனை காலமாகப் 'பாக்கலாம்' ஆக இருந்தது ஒரே மாதத்தில் எழுந்து நின்றது. கதவில் ஒரு அறிவிப்பு: பார்வையாளர்களுக்கு மட்டும், பூட்ஸுடன் நுழையக் கூடாது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, சின்ன விஷயத்துக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறாள் என்று நினைத்தால், ஒருநாள் காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை அடக்கிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

வேலி போட்டபின் அக்கா மத்தியானத் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். நாலாவது மாதம் குளிர்க்காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம். கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது, இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, மார்த்தாவிடம் நான் சொன்னதை அக்காவிடம் ஒப்பித்தேன். 

"சாமின்னா சொன்ன?"

"ஆமாக்கா."

"நாங்க ஒன்னுக்குப் போற எடத்துல கன்னிமாரக் கொண்டாந்து ஒக்கார வெச்சிட்டியா? பாவம்லா அந்த சாமிங்க!" ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீ வெக்கப்பட்டுட்ட. படிச்சவ. எங்களுக்கு மட்டும் வெக்கம் இல்லியா? வெக்கம் இருந்ததாலதான அந்த மரத்த வெட்டவிடாம நின்னோம். அதயும் எடுத்து வெள்ளைக்காரிக்குக் குடுத்துட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

அந்த வாரமே சிவகாசியிலிருந்து வாட்ஸாப் வந்தது. என் பழைய மாணவி, இப்போது அதே கல்லூரியில் ஆசிரியை. 'மேம், உங்கள் மலையைப் பற்றிய நாவல் எங்களுக்குப் பாடமாக வந்திருக்கிறது! ஏழு மரங்களின் குறியீடு பற்றி நோட்ஸ் அனுப்ப முடியுமா?' நான் எடுத்துவிட்ட பொய் கடல் தாண்டிப் போய், புத்தகமாகி, என் வகுப்பறைக்கே திரும்பியிருந்தது. 

அக்கா வேலைக்குத் திரும்பிய மறுவாரம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். பரம்பரைத் தொழிலாளி ஒருவர் வேண்டும் என்று புஷ்பா அக்காவையும், மொழிபெயர்க்க என்னையும் மானேஜர் மேடையில் ஏற்றினார். அக்கா கூடையோடும் சேறு அப்பிய பூட்ஸோடும் நின்றார். பேராசிரியர் பணிவாகக் கேட்டார்: "இந்த மரங்களிடம் வந்து பெண்கள் என்ன வேண்டிக்கொள்வார்கள்?" நான் தமிழில் கேட்டேன். அக்கா வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்டாஸ் வேணும்னு கேட்டோம்னு சொல்லு. சாமிகிட்ட இல்ல, தொரைங்ககிட்ட. குடுக்கல. அதனால இதுக்குப் பின்னாலதான் ஒன்னுக்குப் போனோம். இப்ப அதுவும் இல்ல. அப்பிடியே சொல்லு. இந்த வாட்டி மாத்தாத."

மாற்றவில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். முன்பு வந்தவரிடம் பொய் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மானேஜரின் முகம் வெளிறியது. மாணவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை. "கழிப்பறை என்பதை இங்கே எதன் அடையாளமாக எடுத்துக்கொள்வது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கட்டிக்கொடுத்தால் போதும்" என்றேன். அக்காவுக்கு அதற்குமேல் பேச்சில் விருப்பமில்லை. கூடையை என் காலடியில் இறக்கி வைத்தார். மேடையிலிருந்து இறங்கி நேராக அந்த வெள்ளை டைல்ஸ் கழிப்பறைக்குள் பூட்ஸோடு போனார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெளியே வந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. டைல்ஸில் உள்ளே போன தடமும் வெளியே வந்த தடமும் மண்ணாகக் கிடந்தன. யாரும் அதைப் படமெடுக்கவில்லை.

மறுநாள் அந்தக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அலுவலகத்தில், கணக்கெழுதும் கிராணியின் மேசைக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறதாம். கேட்டதும் எனக்கு ஒரு கணம் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே குழம்பியது. அன்றே மாணவிக்குப் பதில் எழுதினேன்: 'ஏழு மரங்கள் எதற்கும் குறியீடு அல்ல. பெண்கள் ஒதுங்கிய மறைவு. வகுப்பில் அப்படியே சொல். முடிந்தால் நம் கல்லூரிச் சாவி இப்போது எங்கே தொங்குகிறது என்றும் கேள்.' இரவுக்குள் பதில் வந்தது. 'ரொம்ப வருத்தமாக இருக்கிறது மேம். ஆனால் பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் விழாது. மூதாதையர் நினைவு என்றே போட்டுவிடட்டுமா? சாவி அங்கேயேதான் இருக்கிறது.'

பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மானேஜரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். எழுதியது நான். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இன்று காலையும் இஞ்சி தட்டிப்போட்டு இரண்டு டம்ளர் தேநீர் வைத்தேன். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அக்கா தன் டம்ளரைக் கையில் எடுத்தார், சூட்டுக்குக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், குடிக்காமல் வைத்துவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்னால் காலையில் தேநீர் குடிக்க முடிகிறவரை நான் சிவகாசியிலிருந்து வந்தவள்தான், இந்த மலைக்காரி ஆகமாட்டேன். அது தெரிந்துதான் என் டம்ளரை எடுத்தேன். பாதிக்குமேல் குடிக்கவில்லை. மீதியைக் கொட்டவும் மனமில்லை. அக்காவின் நிறைந்த டம்ளருக்குப் பக்கத்தில் என் அரை டம்ளரை வைத்தேன். இதை எழுதி முடிக்கும்போது இரண்டிலும் ஆடை படிந்துவிட்டது.