ஆறு தாழ்ப்பாள்கள்

குழந்தையம்மாள் பதினாறு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தவள். துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கைக்கு வந்தால் தப்பாது. துணித் தூசி மூச்சை இறுக்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு, பல்லடம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் ஆயாம்மா. ஆசிரியர்களுக்கு, கூப்பிட்டால் வரும் ஆள்.

ஒன்பதாம் வகுப்பு ஜனனி இடைவேளை நேரத்தில் கழிவறைப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். பாடம் நடக்கும்போது தனியாக ஓடி வருவாள், திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போவாள்.

ஜூலையில் ஒரு நாள், இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் உள்ளே யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாலையில் நாய் புகாமல் சாத்துவதற்காக ஒவ்வொரு கதவிலும் வெளியே ஒரு தாழ்ப்பாள் உண்டு. நான்காவது கதவில் அதைப் போட்டிருந்தார்கள். திறந்தால், மேலேயிருந்து ஊற்றிய தண்ணீரில் தலையோடு நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள் ஜனனி.

“யாரு கண்ணு இப்படிப் பண்ணுனது?”

அழுகையினூடே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பத்தாம் வகுப்பு மதுமதியும் அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும். ஆறு மாதமாக நடக்கிறது. ஜனனியின் குடும்பம் தேனியிலிருந்து மில் வேலைக்கு வந்தது. அவள் பேச்சைப் பழித்துத்தான் ஆரம்பித்தார்களாம்.

“யார்கிட்டயும் சொல்லிராதீக ஆயாம்மா. அம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிரும்.”

“சொல்லாம இருக்க மாட்டேன் கண்ணு. ஆனா உம் படிப்பு நிக்காது. அதுக்கு நானாச்சு.”

தலைமையாசிரியர் ஆறுமுகசாமி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். மதுமதியின் அப்பா செங்கோட்டையன் விசைத்தறி முதலாளி. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அந்தக் கழிவறையைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

“புள்ளைகளுக்குள்ள விளையாட்டுங்கம்மா. நாம பெருசு பண்ண வேண்டாம்.”

அன்று மாலை பள்ளி விட்டதும் குழந்தையம்மாள் வாட்ச்மேனிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, ஆறு கதவின் வெளித் தாழ்ப்பாளையும் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் அறையில் செங்கோட்டையனும் இருந்தார்.

“ஏனுங்க, பள்ளிக்கூடச் சொத்தைக் கழட்டச் சொல்லி யாருங்க உங்களுக்குச் சொன்னது?” என்றார் அவர்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு தாழ்ப்பாளையும் மேஜைமேல் வைத்தாள்.

“நீங்க நல்ல மனசோட கட்டிக் குடுத்தீங்க. உங்க புள்ள இதுல ஒண்ணைப் போட்டு இன்னொரு புள்ளைய உள்ள அடைச்சுதுங்க. நான்தான் போயித் தொறந்து விட்டனுங்க.”

செங்கோட்டையன் முகம் செத்துப்போயிற்று. மகளைக் கூப்பிடச் சொன்னார். மதுமதி வந்து, “சும்மா விளையாட்டுக்குப்பா” என்று முணுமுணுத்ததும் கையை ஓங்கிவிட்டார். குழந்தையம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“வேண்டாமுங்க. இங்க வாங்குன அடிய அது அந்தப் புள்ளமேலதான் எறக்கும்.”

“அப்ப டிசி குடுத்து அனுப்பிடலாம்” என்றார் தலைமையாசிரியர், விட்டால் போதும் என்பதுபோல.

“வேற பள்ளிக்கூடத்துல போயி வேற புள்ளைய அடைக்கட்டும்ங்கறீங்களா சார்? எல்லாரும் பேசறோம். ஜனனிகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டமுங்களா?”

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தலைமையாசிரியர் ஜனனியின் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

மதியம் ஜனனியும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஜனனி தரையைப் பார்த்தபடியே, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: “எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் சார். நான் போற இடத்துல அவங்க இருக்கக் கூடாது. செஞ்சத அவங்களே எழுதித் தரணும். விளையாட்டுன்னு எழுதக் கூடாது.”

அப்படியே நடந்தது. மூன்று பேரும் பெற்றோர் எதிரில் உட்கார்ந்து எழுதினார்கள். “விளையாட்டு” என்று எழுதிய முதல் தாளைச் செங்கோட்டையனே கிழித்துப் போட்டு மறுபடி எழுத வைத்தார். ஆண்டு விழா நடனத்திலிருந்து மூவரையும் எடுத்தார்கள். காலாண்டுத் தேர்வு வரை இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களின் வகுப்பாசிரியை மைதிலி டீச்சர் அவர்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினாள். எல்லா இடைவேளைக்கும் ஓர் ஆசிரியை கழிவறைப் பக்கம் நிற்க முறை போட்டார்கள்.

மதுமதி தங்கமாக மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் ஆயாம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு யார்மேலும் கை வைக்கவில்லை. அவள் அம்மாவே மாதம் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனாள். ஜனனியின் படிப்பும் நிற்கவில்லை. மில்லுக்கு அனுப்பும் பேச்சை அவள் அம்மா எடுக்கவே இல்லை.

அந்த ஆகஸ்டில் மட்டும் ஏழு பிள்ளைகள் குழந்தையம்மாளைத் தேடி வந்து, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். ஒன்றைக்கூட அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஏழும் ஆறுமுகசாமியின் மேஜைக்குப் போயின. இந்தத் தடவை அவர் தலையைச் சொறியவில்லை.

பள்ளியில் மாணவர் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அதுவரை காகிதத்தில்தான் இருந்தது. ஆசிரியரல்லாத பணியாளர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். ஒப்புக்கு எழுதியிருந்த கிளார்க்கின் பெயரை எடுத்துவிட்டுக் குழந்தையம்மாளின் பெயரைப் போடச் சொன்னவர் செங்கோட்டையன்.

முதல் கூட்டத்துக்கு வந்தவள் பழக்கதோஷத்தில் கதவோரம் நின்றாள்.

“வந்து உக்காருங்கம்மா” என்று தலைமையாசிரியர் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஆம்பளப் பசங்க சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சங்கதி இருக்குதுங்க. மொதல்ல அதைப் பேசிறலாமுங்களா?”

ஆறுமுகசாமி பேனாவைத் திறந்தார்.