புழுக்கைக் குவியலும் மாப்பிள்ளை வீட்டாரும்

இந்தப் பனிநாட்டுக்கு வந்து என் அம்மா பேசி ஒப்பேற்றிய கலியாணங்கள் மோர்னிங்சைட்டிலிருந்து யூனியன்வில் வரைக்கும் பிள்ளைகுட்டிகளோடு பரவிக் கிடக்கின்றன. அவர் தோற்றுப்போனது என்னிடம் மட்டும்தான். பெற்ற மகளுக்கே ஒன்று சரிவரவில்லையே என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், கலியாண வீடுகளில் அவர் சாப்பாட்டு மேசைப் பக்கமாகவே நிற்பார். நான் மிருகக்காட்சிசாலையில் வேலை செய்கிறேன் என்பதையும் வெளியில் சொல்வதில்லை. 'விலங்குகள் சம்பந்தமான படிப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் சாணி அள்ளுவது எங்கள் வீட்டின் அரச ரகசியம்.

என் பொறுப்பில் இருந்தது டிக்டிக் என்ற குட்டி மான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பெரிய கண், குச்சிக் கால், எந்தப் பக்கமும் வளைகிற நீண்ட மூக்கு. ஆபிரிக்கப் புதர்க்காடுகளில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கிருந்து பிடித்துக்கொண்டு வருகிற காலம் போய்விட்டது. இங்குள்ள மிருகக்காட்சிசாலைகளில் மிஞ்சியிருப்பவை வருடத்துக்கு வருடம் குறைகின்றன. மிஞ்சியவையும் ஒன்றுக்கொன்று சொந்தம். எதை எதோடு சேர்க்கலாம் என்று குலம்கோத்திரம் பார்த்துச் சொல்வதற்கென்றே அமெரிக்காவில் ஒரு பெண்மணி இருந்தார். அம்மா ஓசியில் செய்கிற வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு பெட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. வயது ஏறிக்கொண்டிருந்தது. அதற்குச் சொந்தமில்லாத கிடாய் ஒன்று தெற்கே ஏதோ ஒரு நகரத்தில் இருப்பதாக அந்தப் பெண்மணி கண்டுபிடித்தார். இந்தச் சோடி ஒத்துவராவிட்டால் இனிமேல் டிக்டிக் வைத்திருப்பதில்லை என்று எங்கள் மேலிடம் முடிவெடுத்திருந்தது. பெட்டையின் வழி அவளோடு சரி. எனக்கு நித்திரை போய்விட்டது.

நான் சோறு இறங்காமல் இருந்ததைக் கண்டு அம்மா விசாரித்தார். சொன்னேன்.

"ஏன் அவ்வளவு தூரத்திலயிருந்து எடுப்பிக்கிறியள்? கிட்டடியில ஒரு மச்சான் முறை இல்லையே?"

"சொந்தத்துக்குள்ள செய்யேலாதம்மா. குட்டி நோஞ்சானாய்ப் பிறக்கும். சிலவேளை பிறக்காமலும் போயிடும்."

அம்மா கரண்டியை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "நானும் கொப்பரும் மச்சான் மச்சாள்தான். நீ என்ன, கொம்போடயே பிறந்தனீ?"

டிக்டிக்கில் பெட்டைக்குக் கொம்பு முளைக்காது என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

பனிக்காலத்தில் கிடாய் வந்து இறங்கினான். முதலில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பிறகு கதவைத் திறந்துவிட்டோம். திறந்து என்ன? அவள் அவனைக் கண்டால் மரக்குற்றிக்குப் பின்னால் போய்விடுவாள். அவன் மூலையில் நின்று சுவரைப் பார்ப்பான். வாரக்கணக்காய் இதே கதை. ஒருநாள் நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "வாயைத் திறந்து ஏதாவது கதையன்டா" என்று அவனைத் திட்டியது பக்கத்துக் கூட்டுக்காரருக்கும் கேட்டது.

ஒரு காலை குற்றியடியில் ஒரு குவியல் கண்டேன். கீழே அவளுடைய புழுக்கை, மேலே அவனுடையது. சிரிக்காதீர்கள். டிக்டிக்குகள் சோடி சேர்ந்தால் ஒரே இடத்தில்தான் போடும். அவள் போட்டுவிட்டுப் போக, அவன் வந்து காலால் கிளறி அதன்மேல் தன்னுடையதைப் போடுவான். இது எங்கள் இடம், நாங்கள் இருவர் என்று ஊருக்கு அறிவிப்பது அப்படித்தான். அவர்களுக்கு அதுதான் தாலி. நான் அந்த இடத்திலேயே ஒரு சுற்று ஆடினேன். தொடக்கூடாது என்று ஒரு மட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். வீட்டில் போய் விபரமாகச் சொல்லத் தொடங்கியபோது அம்மா, "சாப்பிடேக்க உதுகளைக் கதையாதை" என்றார்.

நான் கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் மூளை வேறு இடத்தில் ஓடியிருக்கிறது. எங்கள் ஆட்கள் பெண் பார்க்கிற முறை தெரியும்தானே. இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் 'தற்செயலாக' கோயிலுக்குப் போவார்கள். மாப்பிள்ளை விளக்கைப் பார்க்கிற சாட்டில் பெண்ணைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை, சாமிதானே கும்பிட வந்தோம். நான் கோயில் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்பதால் அம்மா தற்செயலை மிருகக்காட்சிசாலைக்கு மாற்றிவிட்டார். யூனியன்வில் மாப்பிள்ளை, வங்கியில் உத்தியோகம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பிரிவில் துப்புரவு வேலை செய்கிற அண்ணைக்கு மட்டும் ரெலிபோன் எடுத்திருக்கிறார். அவருடைய கலியாணமும் அம்மா பேசியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே போனால் மருந்துத் தண்ணீர் மணம் மூக்கில் அடித்தது. குற்றியடி பளிங்குமாதிரி மினுங்கியது. அவள் பயத்தில் விறைத்து நின்று மூக்கால் விசிலடித்துக்கொண்டிருந்தாள். அவன் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணை துடைப்பத்தோடு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"எங்கை அண்ணை குவியல்?"

"அள்ளிப்போட்டன் தங்கச்சி. அம்மா ரெலிபோன் எடுத்தவ. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினமாம், இடம் துப்புரவா இருக்கோணுமாம்."

"தொடவேண்டாம் எண்டு எழுதி வைச்சனானெல்லே!"

"கண்டனான். ஆனா மாப்பிள்ளை வீட்டார் வரேக்க புழுக்கையைக் குவிச்சு வைச்சிருந்தால் அவை என்ன நினைப்பினம்?"

மாப்பிள்ளை வீட்டாரா? யாருக்கு? கேட்க நேரமில்லை. பின்பக்கக் குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். அது ஆளுயரம். மூடியைத் தலையால் முட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்புவரை உள்ளே தொங்கி, கையுறையோடு துழாவினேன். நல்லகாலம், அண்ணை ஒழுங்கான மனிதர். எல்லாம் ஒரு பையில் கட்டியபடி கிடந்தது. எட்டிப் பிடித்த நேரம் பின்னால் ஒரு குரல். அம்மாவுடையதுதான், ஆனால் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற குரல்.

"இஞ்சை பாருங்கோ, தற்செயலா எங்கட மகளும் இஞ்சைதான் நிக்கிறா!"

தொட்டிக்குள் இருந்து நான் தெரிந்தது எந்தக் கோணத்தில் என்று இன்றைக்கும் நினைக்கக் கூசும். திரும்பிப் பார்த்தேன். பனிக்கோட்டுக்குக் கீழே பட்டுச்சேலை தெரிய ஒரு அன்ரி, தொப்பி போட்ட அங்கிள், வெள்ளைச் சப்பாத்துப் போட்ட நெடிய மகன்.

"பிள்ளை என்ன தேடுறா?" என்று அன்ரி கேட்டார்.

"ஆராய்ச்சி" என்றார் அம்மா, கண்ணிமைக்காமல்.

மகன் நல்ல மனம் உள்ளவர். "லெட் மீ ஹெல்ப்" என்று வந்து மூடியைத் தூக்கிப் பிடித்தார். "தம்பி, ஊத்தை, தொடாதை!" என்று அன்ரி அலறினார். மகன் கையை விட்டார். மூடி என் தலையில் விழுந்தது. எங்களுக்கிடையில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

"தள்ளுங்கோ, சிந்தப்போகுது" என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். குற்றியடியில் முன்பு இருந்தமாதிரியே கொட்டினேன். வெளியே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு இப்பால் அம்மா, அண்ணை, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

அவள் வந்தாள். மூக்கை வளைத்து வளைத்து முகர்ந்தாள். நெடுநேரம் யோசித்தாள். பிறகு மெல்லக் குந்தினாள். அவள் விலகியதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். வந்து முன்னங்காலால் கிளறினான். குந்தினான்.

"போட்டிட்டான்! அம்மா, போட்டிட்டான்!" என்று கத்தினேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அண்ணை கைதட்டினார். அன்ரி அங்கிளைப் பார்த்தார். அங்கிள், பார்க்கிங் நேரம் முடியப்போகிறது என்றார்.

பின்னேரம் ரெலிபோன் வந்தது. பிள்ளை நல்ல பிள்ளையாம், சாதகம்தான் பொருந்தவில்லையாம். சாதகத்தை அவர்கள் கேட்டிருக்கவேயில்லை. இனி மிருகக்காட்சிசாலைப் பக்கம் கால்வைக்க மாட்டேன் என்றார் அம்மா.

கோடையில் குட்டி பிறந்தது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டை. அன்று நான் பட்ட சந்தோசத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பிடிவாதமாக இருந்த அம்மாவும் ஒருநாள் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு முன்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றார். தாயின் காலுக்கிடையில் நின்ற குட்டி அவரைப் பார்த்து மூக்கை ஆட்டியது. அம்மாவின் முகம் இளகியது. தொழில் புத்தி உடனே வேலை செய்தது.

"இவவுக்கு ஆரைப் பாத்து வைச்சிருக்கிறியள்?"

"ஒருத்தரும் இல்லையம்மா."

"ஏன், ஆம்பிளையளே இல்லையே?"

"இருக்கினம். தகப்பன்ர பக்கம் எல்லாம் சித்தப்பா, அண்ணன் முறை. தாயின்ர பக்கம் மாமன்மார், ஒண்டுவிட்ட மச்சான்மார். வேற ரத்தம் எண்டு ஒண்டும் மிச்சமில்லை. அந்த அமெரிக்காப் பெண்மணியும் கையை விரிச்சிட்டா."

மச்சான்மார் என்றதும் அம்மா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்து குட்டியையே பார்த்தார்.

"உந்த அமெரிக்கா மனுசிக்குப் பொறுமை காணாது" என்றார் கடைசியில். "எங்கையாவது ஒருத்தன் இருப்பான், தேடச் சொல்லு. நான் உனக்கு இன்னும் தேடிக்கொண்டுதானே இருக்கிறன்."

பிறகு கைப்பைக்குள் இருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குட்டி பிறந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார்.